வெள்ளத்துக்கு முன்னால் ஒரு பை, ஒரு நோட்டு

ஐப்பசி பிறந்தால் அரசாங்கம் நமக்கு ஒரு பட்டியல் வாசிக்கும். டார்ச் லைட், உபரி பேட்டரி, பேட்டரியில் ஓடும் ரேடியோ, முதலுதவிப் பெட்டி, உலர் உணவு, மூடி வைத்த குடிநீர், நனையாத டப்பாவில் தீப்பெட்டி, கத்தி, குளோரின் மாத்திரை, கைச்செலவுக்குப் பணம், ஆதார், ரேஷன் கார்டு, தடித்த கயிறு, கெட்டியான செருப்பு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வீட்டுக்கு வீடு கட்டி வைக்கச் சொல்லும் அவசரகாலப் பை இது. மங்கலம்பேட்டை பக்கத்துச் சேரி ஒன்றில் இதைப் படித்துக் காட்டினேன். திண்ணையில் இருந்த ஆயா கேட்டுச்சு: "இதெல்லாம் இருந்தா நாங்க ஏன்டா கூர வூட்ல கெடக்கறோம்?"

தோழர்கள் சிலர் வேறு பக்கத்திலிருந்து கோபப்படுகிறார்கள். பள்ளமான இடத்தில் நம்மைக் குடிவைத்தது சாதி. ஏரியும் வாய்க்காலும் தூர்ந்து கிடப்பதற்கு அரசு பொறுப்பு. அப்படியிருக்க, நீங்களே பை கட்டிக்கொள்ளுங்கள் என்பது பொறுப்பைச் சனங்க தலையில் இறக்கி வைக்கிற வேலைதானே என்கிறார்கள். கோபம் நியாயம். ஆனால் அதிலிருந்து பையே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவதை நான் ஏற்கவில்லை. பையைக் கட்டத்தான் வேண்டும். அதை அவர்கள் பட்டியல்படி இல்லாமல் நம் பாடு தெரிந்து கட்ட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கடல் எங்கோ கிழக்கே கிடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஊர்கள் நம்முடையவை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் அந்த நம்பிக்கையைப் பிய்த்துப் போட்டது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கூரைகள் பறந்தன. எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டிக்குள் தண்ணி பூந்து என் மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் கூழாகிப் போச்சு. சோத்துக்குப் பட்ட கஷ்டம் ரெண்டு வாரத்தில் ஒருவழியாய்த் தீர்ந்தது. அந்தக் காகிதங்களுக்கு நகல் வாங்க ஆறு மாசம் அலைந்தேன். அந்த வருச ஸ்காலர்ஷிப் கிடைக்காமலே போனது. சேதம் கணக்கெடுக்க வந்தவர் ஊர்த்தெருவோடு திரும்பிவிட்டார். தேடிப்போய்க் கேட்டதற்கு, "பட்டா இருக்கா? கார்டு இருக்கா?" என்றார். ரெண்டும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தன.

புயல் காகிதம் பார்த்து அடிப்பதில்லை. நிவாரணம் காகிதம் பார்த்துத்தான் வருகிறது. தானேவுக்குப் பிறகு குடிசைவாசிகளுக்கு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று அரசு அறிவித்தது. மனைக்குப் பட்டா இல்லாதவன் அந்த வீட்டை எங்கே கட்டுவான்? 2024 இல் ஃபெஞ்சல் புயலை ஒட்டி, டிசம்பர் 2 விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஏறக்குறைய 1.7 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவிக்கப்பட்ட 2,000 ரூபாய், குடும்ப அட்டைக்குத்தான்.

இதற்கெல்லாம் முன்னால், 2004 டிசம்பர் 26 சுனாமி. நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் தலித்துகளைச் சேர்ந்து தங்கவிடவில்லை, தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடவில்லை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளே எழுதின. படகும் வலையும் இழந்தவர்தான் பாதிக்கப்பட்டவர் என்று கணக்கு போட்டபோது, கரையிலும் உப்பளத்திலும் வயலிலும் கூலி வேலை செய்து பிழைத்த நம் சனங்கள் கணக்குக்கு வெளியே நின்றார்கள்.

மறுவருசம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 61 ஆவது பிரிவு, நிவாரணமும் இழப்பீடும் தருவதில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பொதுக் குழாயிலும் குளத்திலும் நம்மைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். ஆனால் "எங்கள விட்டுட்டாங்க" என்று வாயால் சொல்வது எந்த ஆபீஸ் மேசையிலும் ஏறாது. எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தத் தேதி, யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுத்தில் காட்ட வேண்டும்.

ஆகவே நம் பையில் முதல் பொருள் காகிதம். பட்டா, ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், நூறு நாள் வேலை அட்டை, வங்கிப் புத்தகம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மூடி இறுகும் காலி பெயின்ட் பக்கெட்டில் போடுங்கள். ஒவ்வொன்றையும் செல்போனில் படம் பிடித்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே வீட்டையும் நாலு பக்கம் படம் எடுங்கள். விழுந்த பிறகு எடுக்கும் படத்துக்குப் பக்கத்தில் அது சாட்சியாக நிற்கும்.

அடுத்தது தண்ணி. குடிக்க மட்டும் ஒரு ஆளுக்கு நாளைக்கு மூணு லிட்டர். அஞ்சு பேருக்கு மூணு நாளைக்கு 45 லிட்டர், அதாவது பெரிய குடத்தில் மூணு குடம். மழைக்கு முன்பே பிடித்து மூடி வையுங்கள். தின்ன அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம். இதற்குப் பெரிய காசு வேண்டாம். வாரம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பேதி கண்டால் காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். கூரை வீட்டுக்குத் தார்ப்பாயும் கயிறும் அரிவாளும் வேண்டும். அரசாங்கப் பட்டியலில் இல்லாத ஒன்று, பெண்களுக்கு மாதவிலக்குத் துணி. முகாமில் அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு நம் பிள்ளைகள் படுகிற அவஸ்தை அந்தப் பட்டியல் போட்டவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு ஒரு தார்ப்பாய் வாங்க முடியாதவர்களும் நம்மில் உண்டு. அதனால் பாதிப் பை தெருவுக்குப் பொதுவாக இருக்கட்டும். கூட்டாகக் காசு போட்டு ரெண்டு பெரிய தார்ப்பாய், கயிறு, டார்ச். கூடவே ஒரு நோட்டு. அதில் வீட்டுக்கு எத்தனை பேர், கைக்குழந்தை, மாசமான பெண்கள், நடக்க முடியாதவர்கள், ஆடு மாடு, பட்டா உண்டா இல்லையா என்று எல்லாம் எழுதுங்கள். நகலெடுத்து மழைக்கு முன்பே தாலுகா ஆபீசில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முகாம் எந்தக் கட்டடம், சாவி யார் கையில், உள்ளே நமக்கு இடம் உண்டா, கக்கூசும் குழாயும் எல்லாருக்கும் பொதுவா என்பதை இப்போதே நேரில் போய்ப் பார்த்துக் கேளுங்கள். நடுராத்திரி நனைந்துகொண்டு வாசலில் நின்று கேட்கிற கேள்வி அல்ல அது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே 61 ஆவது பிரிவையும் எழுதுங்கள்.

தீபாவளி லீவில் ஊருக்கு வரும் மாணவத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள். பொறுப்பு இன்னும் அரசினுடையதுதான். அதைக் கேட்பதற்கு நாம் உயிரோடும் கையில் காகிதத்தோடும் இருக்க வேண்டும்.

அன்றைக்கு நான் நோட்டைத் திறந்ததும் சிரித்த ஆயாவே கிட்டே வந்து உட்கார்ந்துச்சு. "அரிசி பருப்பெல்லாம் அப்பறம் எழுது. தண்ணி வந்தா இந்தக் கெழவியத் தூக்கறது யாருன்னு மொதல்ல எழுதிக்கோ." எதிர்வீட்டுப் பையன்கள் ரெண்டு பேர் பேர் கொடுத்தார்கள். எங்கள் நோட்டில் முதல் வரி அதுதான்.