48 மணி நேரத்துக்கு அப்புறம்?

சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் 2022இல் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் பாராட்டுக்குரியதுதான். ஆனால் தலைக்காயத்தின் கணக்கு அதோடு முடிவதில்லை.

மூளையின் அடியில், எலும்புக் குழிக்குள், மெல்லிய காம்பில் தொங்குகிறது, உடலின் ஹார்மோன்களை ஆளும், பட்டாணி அளவேயான பிட்யூட்டரி சுரப்பி. அதன் முன்பகுதிக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தக் காம்பு வழியேதான் வருகிறது. தலை அதிர்ந்து காம்பு இழுபட்டால் சுரப்பி பாதிக்கப்படலாம். ஸ்கேனில் எதுவும் தெரியாமலும் போகலாம்.

சில மாதங்கள் கழித்துத் தீராத அசதி, தலைசுற்றல், தாம்பத்தியத்தில் நாட்டமின்மை. பெண்ணென்றால் மாதவிலக்கு நின்றுபோகலாம். “ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் ஆளே மாறிட்டாரு” என்பார்கள் வீட்டார். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதப்படுவதும் உண்டு. தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி சுரக்கும் டிஎஸ்எச் அளவை மட்டும் பார்த்து ‘தைராய்டு நார்மல்’ என்று அனுப்புவது அதைவிட மோசம். பழுது பிட்யூட்டரியிலேயே இருந்தால் அந்த எண் சரியாகவே தோன்றலாம். தைராய்டு ஹார்மோனான டி4 அளவையும், அட்ரினல் ஹார்மோனான கார்டிசாலின் காலை நேர அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்டிசால் குறைவைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இழந்த ஹார்மோன்களில் முக்கியமானவற்றை மாத்திரையாலேயே ஈடுகட்ட முடியும். கண்டுபிடித்தால்தானே? கடும் தலைக்காயத்திலிருந்து மீண்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஹார்மோன் பரிசோதனைக்கான தேதியைக் குறித்துத் தரும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.