வண்டிக்கு மூச்சு முட்டுகிறதா?



"வாத்தியாரே, வண்டி மேட்டில ஏற மாட்டேங்குது. கறுப்புப் புகை வேற. உள்ளே கரி அடைச்சிருக்குன்னு பட்டறையில சொல்றாங்க. வீட்டிலேயே பெட்ரோல் ஊத்திக் கழுவிடலாமா?"

பழைய டீசல் வேன் ஓட்டிப் பிழைக்கும் ஒரு மாணவனின் தகப்பனார் கேட்ட கேள்வி இது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் இதே ஐயம் இருக்கலாம். ஆகவே இம்முறை அதைப் பற்றிப் பார்ப்போம்.

கழுவலாம். ஆனால் பெட்ரோல் கூடாது. எதுவரை நம் வேலை, எங்கிருந்து பட்டறைக்காரர் வேலை என்று தெரிந்து கொண்டே தொடங்க வேண்டும்.

கரி எப்படி வருகிறது?

இஞ்சினுக்கும் நம்மைப் போல் காற்று வேண்டும். அந்தக் காற்றைப் பங்கிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொண்டு போகும் கிளைக் குழாயை 'இன்டேக் மேனிபோல்ட்' என்பார்கள். காற்று மட்டுமே போகும் குழாயில் கரி எப்படிச் சேரும்?

காரணம் இரண்டு. காற்று நச்சுப்படுவதைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை இஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு ஒன்று பல டீசல் வண்டிகளில் உண்டு. அதை இ.ஜி.ஆர். என்பார்கள். அந்தப் புகையோடு கரித்தூள் வருகிறது. இன்னொரு பக்கம், இஞ்சின் அடியிலிருந்து ஆயில் ஆவி வருகிறது. கரித்தூளும் ஆயிலும் கலந்து தார் போல் குழாயின் உட்புறத்தில் ஒட்டிக் கொள்கின்றன.

பால்மரம் வெட்டியவர்களுக்கு மங்கு துடைப்பது பழக்கமான வேலை. துடைக்காமல் விட்டால் உள்ளே பால் காய்ந்து, அடுக்கடுக்காய் ஏறி, மங்கு கொள்ளும் பாலின் அளவு குறைந்துவிடும். இந்தக் குழாயின் கதையும் அதுதான். கரி ஏற ஏறக் காற்றுக்கு வழி குறைகிறது. காற்று போதாமல் எரியும் டீசல் கறுப்புப் புகையாக வெளியேறுகிறது.

1985 ஜூலை 9-ஆம் தேதி வெளியிடப்பட்ட முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. பெட்ரோலும் காற்றும் கலந்தே குழாய் வழியாகச் சென்றதால், குழாய் ஓரளவு தானாகவே கழுவப்பட்டது. டீசல் வண்டியில் எண்ணெய் நேராக இஞ்சினுக்குள் பீய்ச்சப்படுகிறது. குழாயைக் கழுவ எதுவும் இல்லை. ஆகவே, எண்ணெய் நிலையத்தில் விற்கும் 'இஞ்சின் மருந்தை' வாங்கித் தொட்டியில் ஊற்றினால் அது இந்தக் கரியைத் தொடாது. அந்தக் காசு வீண்.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பின் விலை ஏறி இறங்கினாலும், புகையாய்ப் போகும் ஒவ்வொரு சொட்டும் குடும்பக் காசுதான்.

தொடங்குமுன்

இழுவை குறைவதும் கறுப்புப் புகையும் வேறு காரணங்களாலும் வரும். முதலில் ஏர் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். காற்றுக் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல நேரங்களில் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

செய்யும் முறை

1. இஞ்சின் நன்றாக ஆறட்டும். பெட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி விடுங்கள்.

2. எந்தக் குழாய் எங்கே இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். கழற்றும் போல்ட்டுகளை வரிசையாக ஓர் அட்டையில் குத்தி வையுங்கள்.

3. மேனிபோல்ட்டைக் கழற்றியதும் இஞ்சின் பக்கத்து ஓட்டைகளைத் துணியால் அடைத்து விடுங்கள். துணிகளை எண்ணி வையுங்கள். பூட்டும்போது அத்தனையும் வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு கரிக்கட்டி உள்ளே விழுந்தாலும் இஞ்சினுக்குக் கேடு.

4. கழற்றிய குழாயில் உள்ள சென்சார்களை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மரக்குச்சி, பிளாஸ்டிக் கரண்டியால் கரியைச் சுரண்டுங்கள். பிறகு, கிரீஸ் நீக்கும் திரவத்தில் ஊறவைத்து நைலான் பிரஷால் தேயுங்கள்.

5. நீரில் அலசி முழுவதும் காயவிடுங்கள். உள்ளே நீரோ திரவமோ தேங்கியிருக்கக் கூடாது.

6. புதிய கேஸ்கெட் போட்டே பூட்டுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள்.

டர்போவை நீக்க வேண்டியிருந்தாலும், டீசல் பீய்ச்சும் குழாய்களை அவிழ்க்க வேண்டியிருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். அது தோல்வியல்ல, விவேகம்.

செய்யவே கூடாதவை

பெட்ரோல் நம் நாட்டு வெயிலில் எந்நேரமும் ஆவியாகிக் கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு ஊர்ந்து போகும். பின்கட்டில் எரியும் அடுப்போ சாமி விளக்கோ போதும், வீடே பற்றிக் கொள்ளும்.

ஓடிக் கொண்டிருக்கும் டீசல் இஞ்சினின் காற்று வழியில் தீப்பற்றும் ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள். டீசல் இஞ்சின் அதையும் எரிபொருளாக எடுத்துக் கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. இஞ்சின் உடையலாம், அருகில் நிற்பவர் உயிருக்கும் ஆபத்து.

காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். ரப்பர் பால் உறையப் போடும் அமிலமும் இதற்கு ஆகாது.

கையுறையும் முகக்கவசமும் போட்டுக் கொள்ளுங்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012-இல் உறுதிப்படுத்தியது. வேலை முடிந்து குளித்த பிறகே கைக்குழந்தையைத் தூக்குங்கள். அந்தச் சட்டையைப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம், தாய்மார்களே.

கரிநீரைச் சாக்கடையில் ஊற்றினால் அது கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும். ஒரு டின்னில் அடைத்து, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள்.

மீண்டும் அடையாதிருக்க

கழுவியது என்றென்றைக்கும் நிற்காது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டியில் கரி விரைவில் சேரும். வாரத்தில் ஒரு முறையாவது, இஞ்சின் சூடேறிய பின், நெரிசல் இல்லாத நேரத்தில் சற்றுத் தூரம் சீராக ஓட்டுங்கள். ஆயிலையும் பில்டரையும் தவணை தவறாமல் மாற்றுங்கள்.

"இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் கரியே வராது" என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். நம் குழாயில் வராத நஞ்சு, வண்டிக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும். அந்தப் பிள்ளை நாமே பள்ளி வாசலில் இறக்கிவிட்ட பிள்ளையாகவும் இருக்கலாம்.

வேலை செய்யும்போது வளர்ந்த பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் போல்ட் எங்கே என்று குறித்து வைக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். பாடப் புத்தகத்தில் காற்று, எரிபொருள், வெப்பம் என்று படித்ததெல்லாம் அன்றைக்கு அவர்களுக்குக் கண்முன் விளங்கும்.