ஒரே எலியை நான்கு முறை பார்ப்பது

நுரையீரல் தழும்பு நோய்க்கு மருந்து தேடும் ஆய்வகங்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. சுண்டெலியின் மூச்சுக்குழாயில் பிளியோமைசினைச் செலுத்துவார்கள். புற்றுநோய் மருந்தான அது நுரையீரலைத் தழும்பாக்கும். பிறகு 7ஆம் நாள் சில எலிகள், 14ஆம் நாள் சில, 21ஆம் நாள் சில என்று கொன்று, நுரையீரலைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

ஆனால் 7ஆம் நாள் பார்த்த எலி வேறு, 21ஆம் நாள் பார்த்த எலி வேறு. ஒரே அளவு பிளியோமைசினுக்கு ஒன்றின் நுரையீரல் இறுகிப்போகும். பக்கத்துக் கூண்டில் இருப்பதற்குத் தொட்டும் தொடாமலும் போகும். போதாததற்கு, இளம் எலிகளில் தழும்பு சில வாரங்களில் தானாகவே ஆறத் தொடங்கும். ஆற்றியது சோதிக்கும் மருந்தா, உடம்பா? செத்த எலியில் விடை இல்லை.

இதற்கு மாற்றாக, மைக்ரோ சி.டி. என்ற எக்ஸ்ரே படக்கருவி அதே எலியைக் கொல்லாமல் மயக்கத்தில் கிடத்தித் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறது. மூச்சு வேகத்தில் படம் கலங்கும் என்பதால், மூச்சின் ஒரே கட்டத்தில் விழுந்த படங்களைக் கணினி பொறுக்கிக் கோக்கிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் ஃப்ளின் குழு காசநோய் கண்ட குரங்குகளைப் பெட்-சி.டி. என்ற படமுறையில் தொடர்ந்து பார்த்தபோது தெரிந்தது இன்னும் வியப்பானது. ஒரே குரங்கின் நுரையீரலில் ஒரு காசநோய்க் கட்டி சுருங்குகிறது, இன்னொன்று வளர்கிறது. ஒரு உடம்புக்குள்ளேயே வெற்றியும் தோல்வியும். ஒரு நாள் அறுத்துப் பார்ப்பதில் இந்தக் கதை கிடைக்காது.

அதற்காக இதை ‘நோகாத ஆய்வு’ என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. நோயை உண்டாக்கியதே நாம்தானே! விலங்காய்வுக்கு நெறி வகுத்த ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் எண்ணிக்கையைக் குறையுங்கள், துன்பத்தையும் குறையுங்கள் என்றார்கள். இங்கே அவை ஒன்றோடொன்று மோதுகின்றன: எலிகள் குறையும், மிஞ்சிய எலிக்கு மயக்கமும் எக்ஸ்ரே கதிரும் கூடும். அந்தக் கதிர் அளவு மீறினால் நுரையீரலைத் தானே கெடுக்கும். தவிர, சி.டி.யில் நீரும் சீழும் தழும்பும் ஏறக்குறைய ஒரே வெண்மை. கடைசியில் நுண்ணோக்கிக்குத்தான் போகவேண்டும்.

என் பார்வையில் படத்தின் பெரும்பயன் மருந்து தொடங்கும் முன்னால்தான். எந்த எலிக்கு நோய் உண்மையில் பற்றியது என்று பார்த்து, சமமாகப் பிரித்து, அதன்பின் மருந்து கொடுக்கலாம். இதற்குச் சிகிச்சைக்கு முந்தைய ஒரு படம் போதும். ஆய்வுக்குப் பணம் தருபவர்கள் முதலில் கேட்கவேண்டியது அந்தப் படத்தை.