மூடினால் போதுமா? கட்ட வேண்டாமா?

நமது கடைகளுக்குச் சரக்கு வந்து சேரும் முறை மாறிவிட்டது. மாட்டு வண்டியும் மூன்று சக்கர சைக்கிளும் நின்ற இடத்தில் இன்று சிறிய சரக்கு வேன்கள் நிற்கின்றன. 2005-ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் வந்த பிறகு, நடுத்தர வியாபாரியும் சொந்த வண்டி வைத்துக்கொள்ளும் நிலை உண்டாயிற்று. மழைக்கும் திருட்டுக்கும் அஞ்சி, பலரும் திறந்த பாடியை விட்டுவிட்டு முழுவதும் மூடிய கண்டெய்னர் பாடி கட்டுகிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் இந்த மாற்றத்தோடு ஒரு நல்ல பழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டது.

திறந்த லாரியில் தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். மூடிய வண்டியில் என்ன செய்கிறோம்? சரக்கை அடுக்கி, கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு அனுப்பி விடுகிறோம். நான்கு சுவர் இருக்கிறது, இனி என்ன பயம் என்ற எண்ணம். சுவர் சரக்கைச் சாலையில் விழாமல் காக்கும். ஒன்றின் மேல் ஒன்று சரிந்து விழாமல் காக்குமா?

வண்டி பிரேக் பிடித்தால் வண்டிதான் நிற்கும். சரக்கு தான் போன வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கும். அமெரிக்க நாட்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. சரக்கின் எடையில் 80 சதவீதம் முன்பக்கமாகவும், 50 சதவீதம் பக்கவாட்டிலும் பின்பக்கமும் தள்ளினாலும் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது அந்தக் கணக்கு. 50 கிலோ சர்க்கரை மூட்டை பத்து இருந்தால், முன் சுவரை நோக்கி 400 கிலோ தள்ளும் என்று பொருள். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் உட்கார்ந்திருப்பவர் நமது டிரைவர் என்பதை மறக்கக் கூடாது.

மளிகை வியாபாரத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. காலையில் மொத்தக் கடையிலிருந்து புறப்படும்போது வண்டி நிறைந்திருக்கும். சரக்கே சரக்கைத் தாங்கிக்கொள்ளும். நான்காவது கடையில் இறக்கிய பிறகு உள்ளே பாதி இடம் காலி. எண்ணெய் டின் ஒரு பக்கம், பிஸ்கட் பெட்டி ஒரு பக்கம், ஊறுகாய் பாட்டில் ஒரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கும். அடுத்த வேகத்தடையில் அவை ஆட்டம் காணும். உடைசல் பெரும்பாலும் நேர்வது இந்தக் காலி இடத்தினால்தான்.

உடைந்தால் நட்டம் யாருக்கு? வண்டிக்கு எடுக்கும் இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். உள்ளே இருக்கும் சரக்குக்கு அல்ல. சரக்குக்கென்று தனியாகப் பாலிசி எடுத்தாலும், சரியாகக் கட்டாமல் சேதமானது என்று தெரிந்தால் கேள்வி எழும். ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி அழிந்துபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். ஆக, சரக்கும் போயிற்று, வரியும் போயிற்று. கடைசியில் பல இடங்களில் இந்த நட்டம் டிரைவர், லோடுமேன் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. கட்டுவதற்கு ஒரு கொக்கிகூட வைத்துத் தராமல், கட்டவில்லை என்று தொழிலாளியின் கூலியில் கை வைப்பது நியாயமா? வசதி செய்து கொடுத்த பிறகு கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு மதிப்பு உண்டு.

இதற்குப் பரிகாரம் பெரிய செலவில்லை. துளை வரிசை உள்ள எஃகுப் பட்டைகள் கிடைக்கின்றன. ஈ-டிராக் என்று கேட்டால் தருவார்கள். இவற்றை வண்டியின் உட்சுவரில் நீளவாக்கில் பொருத்திவிட்டால், வேண்டிய துளையில் பெல்ட்டின் கொக்கியை மாட்டி இறுக்கலாம். சரக்கு குறையக் குறைய பெல்ட்டை முன்னால் நகர்த்திக்கொண்டே போகலாம். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் வளையம் பற்றவைப்பதைவிட இது மேல். வளையம் இருக்கும் இடத்தில் சரக்கு இருக்காது. சரக்கு இருக்கும் இடத்தில் வளையம் இருக்காது.

பொருத்துவதில்தான் கவனம் வேண்டும். பல பட்டறைகளில் உள்ளே அடித்திருக்கும் பிளைவுட் பலகையில் ஸ்க்ரூ முடுக்கிக் கொடுத்து விடுகிறார்கள். பார்வைக்கு உறுதி; பாரம் இழுத்தால் பலகையோடு பிய்ந்து வரும். பட்டை சுவருக்குள் நிற்கும் இரும்புச் சட்டத்தில்தான் நிற்க வேண்டும். வெளித் தகட்டில் ரிவெட் வரிசை தெரியும் இடமே பெரும்பாலும் சட்டம் இருக்கும் இடம். ஒவ்வொரு சட்டத்திலும் போல்ட் போட்டு, பின்னால் அகலமான வாஷர் வைத்து நட் முடுக்கச் சொல்லுங்கள். போல்ட் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் மூட்டை கிழியும். துளையிட்ட இடத்தை மழை நீர் புகாதபடி அடைக்காவிட்டால் அரிசியும் சர்க்கரையும் நனையும்.

தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு வரிசை, நான்கடி உயரத்தில் ஒரு வரிசை என இரண்டு பக்கமும் இருந்தால் சிறு வண்டிக்குப் போதும். தரையில் பட்டை வைத்தால் மூட்டை இழுக்கும்போது தடுக்கும். தள்ளுவண்டிச் சக்கரமும் மாட்டும். தரையிலும் வேண்டும் என்பவர்கள் பலகைக்குச் சமமாகப் பதித்து வைக்கலாம். துளையிடும் முன் அடியில் டீசல் டாங்க், பிரேக் குழாய், ஒயர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சேஸிஸில் துளை போடவே கூடாது.

பெல்ட்டிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. அதன் சீட்டில் வேலைப் பாரம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்க வேண்டும். அறுந்துபோகும் பாரத்தைக் காட்டி விற்பதை நம்பி ஏமாறக் கூடாது. பெல்ட் எவ்வளவு உறுதியானாலும் கொக்கி அல்லது பட்டை பலவீனமாக இருந்தால், கட்டின் பலம் அந்தப் பலவீனத்தின் அளவுதான். ராட்செட் போட்டு அட்டைப் பெட்டியை நேராக இறுக்கினால் பெட்டி நசுங்கும். நடுவே ஒரு பலகைத் துண்டு வையுங்கள். மூட்டைகள் வண்டி ஓட ஓட அமுங்கும், பெல்ட் தளரும். சில கிலோமீட்டர் போனதும் ஒரு தடவை நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். கனமான சரக்கு கீழே, முன் சுவரை ஒட்டி. கடைசியாக இறங்கும் சரக்கு முதலில் ஏற வேண்டும்.

“நமது வண்டி ஊருக்குள் பத்து கிலோமீட்டர்தானே ஓடுகிறது” என்று சிலர் சொல்வார்கள். நெடுஞ்சாலையைவிட ஊருக்குள்தான் பிரேக்குக்கு வேலை அதிகம். “கட்டவும் அவிழ்க்கவும் நேரம் போகும்” என்றும் சொல்வார்கள். சரிந்து கிடக்கும் சரக்கைப் பொறுக்கி, உடைந்ததைக் கழித்து, கடைக்காரரிடம் வாதாடும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? ஒரு தீபாவளி சீசனில் உடைந்த சரக்கின் மதிப்பை நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு பட்டறையில் விலை கேளுங்கள். எது பெரிய தொகை என்பது தெரிந்துவிடும்.

வாடகை வண்டி வைத்திருப்போர் தனியாகக் கேட்டால் உரிமையாளர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரு கடைத்தெரு முழுவதும் சேர்ந்து, கட்டுப் பட்டை உள்ள வண்டிக்குத்தான் லோடு என்று சொன்னால் அடுத்த வாரமே வண்டிகள் வரும். நாமக்கல் முதலான ஊர்களில் பாடி கட்டும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. புது வண்டிக்குப் பாடி கட்டும்போதே சட்டத்தோடு சேர்த்துப் பட்டை வைப்பதைப் பட்டறைகள் வழக்கமாக்க வேண்டும் என்று நமது கிளைச் சங்கங்கள் தீர்மானம் போட்டுக் கேட்கலாம். கட்டிய பிறகு துளை போடுவதைவிடக் கட்டும்போதே வைப்பது செலவிலும் குறைவு, உறுதியிலும் கூடுதல்.

பழைய லாரிக்காரர் கயிறு இல்லாமல் புறப்பட மாட்டார். நாம் சுவரை நம்பிக் கயிற்றைக் கைவிட்டோம். சுவரும் இருக்கட்டும், கட்டும் இருக்கட்டும். சரக்கும் அதைக் கொண்டுவரும் டிரைவரும் சேதமில்லாமல் வந்து சேர்வதே வியாபாரத்துக்கு அழகு.