பழைய காரில் ஏர்பேக் லைட் எரியுது... 'சும்மா சென்சார்தான்' என்றால் நம்பலாமா?

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 66-இல் இருக்கிறது உதியன்குளங்கரை. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. கே.எல். 19, கே.எல். 20 எண் கார்களும் டி.என். 74, டி.என். 75 எண் கார்களும் ஒரே சாலையில் கலந்து ஓடும் பகுதி இது.

ஒரு சனிக்கிழமை காலை, நான்கு வயதான ஒரு ஹேட்ச்பேக்கைப் பார்க்க நீங்கள் அங்கே போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயின்ட் பளபளக்குது. ஏ.சி. ஜில்லுனு இருக்கு. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் சிவப்பாக ஒரு சின்னம்: உட்கார்ந்திருக்கும் ஆள், அவர் முன்னால் ஒரு பந்து. எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகும் அது அணையவில்லை.

"குழப்பமில்ல சாரே, அது சும்மா சென்சார். ஒரு ரீசெட் அடிச்சா போயிரும்" என்கிறார் விற்பவர்.

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு ரீசெட்டில் போய்விடும் என்றால், விற்பதற்கு முன்பே அவர் ஏன் அதைச் செய்யவில்லை? இந்த ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்போது ஏன் இது முக்கியம்?

இந்தியாவில் டிரைவர் பக்க ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. முன் இருக்கையில் இரண்டு பேருக்கும் ஏர்பேக் என்ற விதி 2021 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கு வந்தது. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

அப்படித் தயாரான கார்கள் இப்போதுதான் மூன்று, நான்கு வயதைத் தாண்டி செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. முன்பு பழைய காரில் "ஏர்பேக் இருக்கா?" என்று கேட்டோம். இனி கேட்க வேண்டியது, "இருக்கும் ஏர்பேக் வேலை செய்யுமா?"

அந்த லைட் என்ன சொல்கிறது?

சாவியை ஆன் செய்ததும் காரின் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் லைட் சில விநாடிகள் எரிந்து அணைந்துவிடும். அணையாமல் நின்றாலோ, ஓடும்போது திடீரென்று வந்தாலோ, எங்கோ கோளாறு. அந்த நிலையில் மோதினால் ஏர்பேக் விரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மோதும் கணத்தில் சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் 'ப்ரீடென்ஷனர்' பெரும்பாலான கார்களில் இதே யூனிட்டின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. பெல்ட் பெல்ட்டாக வேலை செய்யும், ஆனால் அந்தக் கூடுதல் இறுக்கம் கிடைக்காமல் போகலாம்.

சின்னக் கோளாறா, பெரிய கோளாறா?

சின்னது: இருக்கைக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற கனெக்டர் லூஸாகியிருக்கலாம். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது, சீட் கவர் மாட்டும்போது இது நடக்கும். பேட்டரி வீக்கானாலும் லைட் வரலாம். இதெல்லாம் அதிகச் செலவில்லாமல் முடியும்.

நடுத்தரம்: ஸ்டீயரிங்குக்குள் சுருளாக இருக்கும் ஒயர், மெக்கானிக்குகள் 'கிளாக் ஸ்பிரிங்' என்பார்கள், அறுந்திருக்கலாம். ஹார்ன் அடித்துப் பாருங்கள், ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பட்டன்களை அழுத்திப் பாருங்கள். அவையும் வேலை செய்யவில்லை என்றால் சந்தேகம் இங்கேதான். செலவு ஆயிரங்களில்.

பெரிசு: வண்டி ஏற்கெனவே மோதி, ஏர்பேக் ஒருமுறை விரிந்திருக்கலாம். அப்படி நடந்தால் ஏர்பேக், பெல்ட், கன்ட்ரோல் யூனிட், பல கார்களில் டேஷ்போர்டு வரை மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து ஏர்பேக்கே இல்லாமல் மூடியை மட்டும் மாட்டி விற்பவர்களும் உண்டு.

இன்னொன்று வெள்ளம். கன்ட்ரோல் யூனிட் பெரும்பாலும் முன் இருக்கைகளுக்கு நடுவே, தரையை ஒட்டி இருக்கும். கார்பெட் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஏறினாலே யூனிட்டுக்கும் கனெக்டர்களுக்கும் ஆபத்து. 2018 ஆகஸ்டில் கேரளாவும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையும் எத்தனை கார்களை மூழ்கடித்தன என்று நினைத்துப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். நுனியில் சேற்றுக் கறை தெரிந்தால், அந்த வண்டியை விட்டுவிடலாம்.

லைட் எரியவே இல்லையா? இன்னும் கவனம்

சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் லைட் ஒரு தடவைகூட எரியாவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். பல்பைக் கழற்றியிருக்கலாம். அல்லது வேறொரு லைட்டின் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம்; அப்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் அதே நொடியில் இரண்டும் ஒன்றாக அணையும். சிலர் ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி, கன்ட்ரோல் யூனிட்டையே ஏமாற்றுகிறார்கள். அப்போது ஸ்கேனரும் 'எல்லாம் ஓகே' என்றுதான் காட்டும்.

போலி ஏர்பேக்கும் கற்பனை இல்லை. 2024-இல் டெல்லி போலீஸ், பிரபல கார் கம்பெனிகளின் பெயரில் போலி ஏர்பேக் விற்ற ஒரு கும்பலைப் பிடித்தது. சிக்கியவை 900-க்கும் மேல்.

அதனால் கண்ணும் வேலை செய்யணும். ஸ்டீயரிங் நடுமூடியின் நிறமும் பக்கத்து பிளாஸ்டிக்கின் நிறமும் ஒத்துப்போகுதா? டேஷ்போர்டில் வெட்டி ஒட்டிய கோடு தெரியுதா? பெல்ட்டில் தைத்த லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதி காரைவிடப் புதிதாக இருக்கா? அப்படியானால் பெல்ட்டை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

லைட்டுக்கே தெரியாத கோளாறு

லைட் சரியாக எரிந்து அணைந்தாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஜப்பானின் டகாட்டா கம்பெனி ஏர்பேக்குகளில் வாயுவை உண்டாக்கப் பயன்படுத்திய அமோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் கெட்டுப்போகும். மோதும்போது இன்ஃப்ளேட்டரே வெடித்து உலோகத் துண்டுகளை எறியும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017-இல் கம்பெனி திவாலானது. இந்தியாவில் 2017 ஜனவரியில் ஹோண்டா மட்டும் 41,580 கார்களைத் திரும்ப அழைத்தது. இந்தக் கோளாறு எந்த லைட்டையும் எரிய வைக்காது. வெயிலும் கடற்காற்றும் சேர்ந்த நம்ம ஊர்ப் பக்கம் பத்து வயதுக்கு மேற்பட்ட கார் வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

புதிய கார்களுக்கும் விலக்கு இல்லை. ஏர்பேக் கன்ட்ரோலரில் குறை இருக்கலாம் என்று 2023 ஜனவரியில் மாருதி சுசூகி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் காருக்கு அந்த வேலை முடிந்துவிட்டதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்கலாம். ரீகால் வேலைக்கு உரிமையாளரிடம் காசு வாங்குவதில்லை.

அப்போ யார்தான் சோதிக்கிறார்கள்?

இதுதான் விஷயம்: யாரும் இல்லை. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை கட்டாய ஃபிட்னஸ் சோதனை கிடையாது. புகைச் சான்றிதழில் புகையை மட்டும்தான் பார்ப்பார்கள். பெயர் மாற்றம் காகித வேலை.

எல்லை தாண்டினால் காகிதம்தான் கூடும். கேரளாவிலிருந்து என்.ஓ.சி., அதாவது படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் ஓட்டுவதாக இருந்தால் இங்கே மறுபதிவும் சாலை வரியும். இத்தனை கையெழுத்தில் ஒன்றுகூட ஏர்பேக்கைப் பற்றியது இல்லை.

பிறகு கோர்ட்டுக்குப் போகலாமா? மோதலில் ஏர்பேக் விரியாத ஒரு ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உரிமையாளர் பக்கம் நின்றது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் நிபுணராக வாடிக்கையாளர் இருக்க வேண்டியதில்லை என்றது. ஆனால் அவர் காரைக் கம்பெனியின் வாடிக்கையாளராகப் புதிதாக வாங்கியவர். தனிநபரிடம் பழைய கார் வாங்கும் உங்களுக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு அவ்வளவு எளிதில் திறக்காது. டீலரிடம் வாங்கினால் பிடி கொஞ்சம் வலுவானது. பழைய கார் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற மத்திய அரசு விதி 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தப்பே இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

1. நீங்களே சாவியைத் திருப்புங்கள். லைட் எரிந்து, சில விநாடியில் தானாக அணைய வேண்டும்.

2. அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் எஸ்.ஆர்.எஸ். ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் கிடைக்கும் மலிவான ஓ.பி.டி. கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கோளாறை மட்டும்தான் படிக்கும்.

3. 'ரீசெட்' அடித்துக் காட்டினால் உடனே நம்ப வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டி, சீட்டை நகர்த்தி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசா திருப்பி, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

4. சர்வீஸ் ஹிஸ்டரியையும் பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் வாங்கிப் பாருங்கள். நான்கு வயது காரில் என்.சி.பி. பூஜ்யம் என்றால், க்ளெய்ம் எதற்கு என்று கேளுங்கள்.

5. ரிப்பேர் செலவை எழுத்தில் எஸ்டிமேட்டாக வாங்கிய பிறகே விலை பேசுங்கள். சரிசெய்து தருவதாகச் சொன்னால், சரியான பிறகு மிச்சப் பணம்.

6. மஞ்சள் கனெக்டரை நீங்களோ சாலையோர எலக்ட்ரீஷியனோ நோண்ட வேண்டாம். டெஸ்ட் லேம்ப் வைத்தால் ஏர்பேக் முகத்திலேயே விரியக்கூடும்.

விற்பவர் ஸ்கேனுக்கு ஒத்துக்கொண்டால், கோளாறு சின்னதாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல விலைக்கு நல்ல வண்டி கிடைக்கலாம். "அதெல்லாம் எதுக்கு சாரே, வேணும்னா ஒரு அஞ்சாயிரம் குறைச்சுத் தரேன்" என்றால், அந்த அஞ்சாயிரம் எதற்கான விலை என்று யோசியுங்கள். களியக்காவிளைக்கு பஸ் இருக்கு. வேறு காரும் இருக்கு.