ரோடு உங்கப்பன் வீட்டுதா?

போன ஞாயித்துக்கிழமை காலையில நடந்த விஷயம். ரெண்டு பலாப்பழத்தைச் சாக்குல போட்டு சைக்கிள் கேரியர்ல இறுக்கிக் கட்டிக்கிட்டு சோளக்காடு பக்கம் போயிட்டிருந்தேன். லேசான ஏத்தம், முன்னாடி ஒரு வளைவு. பின்னாடி ஒரு கார் ஹாரனை அமுக்கினது அமுக்கினபடி விடாம வந்துச்சு. ஒதுங்கிறதுக்கு இடம் இருந்தா ஒதுங்க மாட்டேனா? இடது பக்கம் தண்ணி ஓடுற காவாய். வளைவு தாண்டினதும் வழி விடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள என்னை உரசிக்கிட்டு முந்திருச்சு. கண்ணாடி கைப்பிடியில பட்டுது. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம்.

கார் நிக்கலை. கொஞ்சம் மெதுவாச்சு, அவ்வளவுதான். ஜன்னல்ல இருந்து ஒரு தலை எட்டிப் பாத்து, "ஓரமா போ பெருசு, ரோடு உங்கப்பன் வீட்டுதா?"ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு. நம்பர் பாக்கலையான்னு ஊர்ல எல்லாரும் கேட்டாங்க. விழுந்தவன் கண்ணுக்கு மண்ணுதான்யா தெரியும், நம்பர் எங்க தெரியும்? முழங்கையில தோல் போச்சு, மணிக்கட்டு வீங்கிருச்சு. ஒரு பழம் தேறுச்சு. உருண்டு பொளந்ததைக் குரங்குங்க தின்னுச்சு. அதுங்களுக்காவது அன்னைக்கு நல்ல நாளா இருந்திருக்கும்.

வலி ரெண்டு நாள்ல போயிருச்சு. அந்தக் கேள்விதான் போக மாட்டேங்குது. அதனால இதை எழுதறேன். இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு சென்னை, கோயமுத்தூர், பெங்களூருன்னு இருக்கீங்க. அந்தக் கார்ல இருந்தவரும் உங்க ஊர்க்காரராத்தான் இருக்கணும். அதனால பதிலை உங்ககிட்டயே சொல்லிர்றேன்.

ரோடு எங்கப்பன் வீட்டுது இல்லை. எங்கப்பனுக்கு ரோடே இல்லை. இந்த மலையில விளைஞ்சதை ஒத்தையடிப் பாதையில தலைச்சுமையா கீழ கொண்டு போய், வித்த காசுல உப்பும் துணியும் வாங்கிக்கிட்டு மறுபடியும் ஏறி வந்த தலைமுறை அது. காய்ச்சல்காரரையும் பிள்ளை பெறப் போறவளையும் தொட்டில் கட்டித் தூக்கிக்கிட்டு இறங்கின கதை இங்க எல்லா வீட்டுலயும் இருக்கு. அப்புறம்தான் இந்த ரோடு வந்துச்சு. எங்களுக்கு இது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன், சந்தை எல்லாம். உங்களுக்கு இது ஒரு சனி ஞாயிறு. ரெண்டு பேருக்கும் உரிமை இருக்கு, மறுக்கலை. ஆனா ரெண்டு உரிமையும் மோதுற இடத்துல யாரு காவாய்ல விழறதுங்கிறதுதான் பேச்சு.

ஒண்ணு முதல்லயே சொல்லிர்றேன். மலைக்கு யாரும் வரக்கூடாதுன்னு சொல்ற ஆளு நான் இல்லை. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வர்றவங்க, ஆடி பதினெட்டுக்கு ஓரி விழா பாக்க வர்றவங்க, ரோட்டோரம் நிறுத்தி மிளகும் அன்னாசியும் மலைவாழையும் வாங்கிட்டுப் போறவங்க, இவங்களால எங்களுக்கு நாலு காசு கிடைக்குது. வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு நிதானமா ஏறி வர்ற குடும்பத்தைப் பாத்தா எனக்கும் சந்தோஷம்தான். என் சண்டை இன்னொரு கூட்டத்தோட.

காரவள்ளி அடிவாரத்துல இருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. அந்த எழுபதுதான் எங்களுக்கு வந்த வினை. இன்னைக்கு யூடியூப்ல கொல்லிமலைன்னு தட்டிப் பாருங்க. ஹெல்மெட்ல கேமராவை மாட்டிக்கிட்டு, முழங்கால் தரையில உரச வண்டியைச் சாய்ச்சு, வளைவுக்கு வளைவு எண்ணிக்கிட்டு ஏறுற வீடியோ எத்தனைன்னு பாருங்க. அந்த வீடியோவுல நாங்களும் வருவோம். ஒரு நொடி ஓரத்துல தெரிஞ்சு மறையற சைக்கிள், விறகு தூக்கிட்டுப் போற பொம்பளை, ஸ்கூல் பை மாட்டின பையன். பாக்கிறவங்களுக்கு நாங்க காட்சி. ஓட்டறவருக்கு நாங்க தடங்கல்.

2023 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையில வீலிங் பண்ணப் போய் விழுந்தாரே ஒரு யூடியூபர், ஞாபகம் இருக்கா? கைது ஆனாரு, 10 வருஷத்துக்கு லைசென்ஸும் ரத்தாச்சு. பேப்பர்ல படிச்சப்ப, இனிமேலாவது பசங்களுக்குப் பயம் வரும்னு நினைச்சேன். அடுத்த சனிக்கிழமையே எங்க வளைவுகள்ல அதே சத்தம். பின்ன, ஒருத்தர் லைசென்ஸ் போனாலும், பாத்துக் கைதட்டின கூட்டம் அப்படியேதான இருக்கு?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நான் பத்தாவதுக்கு மேல கொஞ்சம்தான் படிச்சவன், இதுக்கு அது போதும். 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு நொடியில கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிரும். எதிர்ல ஆளைப் பாத்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போறதுக்கே ஒரு நொடி ஆகும். அப்ப பிரேக்கைத் தொடறதுக்கு முன்னாடியே 17 மீட்டர் காலி. கொண்டை ஊசியில எதிர்ல அத்தனை தூரம் கண்ணுக்கே தெரியாத இடம் நிறைய இருக்கு. அதுக்கு மேல, வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் புடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு ஆகும். அதனால 60ல வந்துட்டு "திடீர்னு குறுக்க வந்துட்டாரு"ன்னு சொல்றது பொய். அவரு அங்கயேதான் இருந்தாரு. நீங்கதான் திடீர்னு வந்தீங்க.

இறங்கறது இன்னும் மோசம். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல போட்டு உருட்டிக்கிட்டு வர்றது, சில பேரு இன்ஜினையே அணைச்சுர்றது. கார்ல இன்ஜின் அணைஞ்சா பிரேக்குக்குக் கிடைக்கிற உதவி போயிரும், மிதிச்சா கல்லு மாதிரி இருக்கும். ஸ்டியரிங்கும் இறுகிரும். பிரேக்கை விடாம மிதிச்சுக்கிட்டே வந்தா அது சூடாகி, கருகின வாடை அடிச்சு, கடைசியில பிடிக்காமலே போயிரும். ஏறினப்ப எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்னு எங்க ஊர் பஸ் டிரைவருங்க சொல்லுவாங்க. அந்த அரசு பஸ் டிரைவருங்களைக் கவனிச்சுப் பாருங்க. வளைவுக்கு முன்னாடி ஒரு ஹாரன். எதிர்ல சைக்கிள் வந்தாலும் நின்னு, அது கடந்ததும்தான் எடுப்பாங்க. அம்பது பேரை ஏத்திக்கிட்டு வர்ற மனுசனுக்கு இருக்கிற பொறுமை, ரெண்டு பேரு வர்ற கார்ல ஏன் இல்லை?

"சைக்கிள்ல மெதுவா போய் வழியை மறிச்சா என்ன பண்றது"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். மெதுவா போறது குத்தமா? இடது ஓரமா போகணும், சரி, போறேன். ஆனா ஓரம்னா காவாய்க்குள்ள இல்லை. ஏத்தத்துல மிதிக்கிறவன் கொஞ்சம் ஆடித்தான் போவான், பாரம் இருந்தா இன்னும் ஆடுவான். அந்த ஆட்டத்துக்கும் சேத்துத்தான் இடம் விடணும். மலை ரோட்டுல அகலம் இல்லாத இடத்துல ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி நின்னு வழிவிடணும்ங்கிறது எங்க ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை, சட்டத்துல இருக்கிற விதி. லைசென்ஸ் எடுக்கிறப்ப படிச்சிருப்பீங்க, மறந்திருப்பீங்க. ஆபத்தா ஓட்டினா, 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவுப்படி முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லேன்னா 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூடப் போடலாம். ஒருத்தருக்கு அடிபட்டா வண்டியை நிறுத்தி வைத்தியத்துக்கு ஏற்பாடு பண்றது ஓட்டினவர் கடமைன்னு 134வது பிரிவு சொல்லுது. "ரோடு உங்கப்பன் வீட்டுதா"ன்னு கேட்டுட்டுப் போறது எந்தப் பிரிவுலயும் இல்லை.

வெளிநாட்டுல எப்படின்னு தேடிப் படிச்சேன். ஜெர்மனியில சைக்கிளை முந்தறப்ப ஊருக்குள்ள ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளிய ரெண்டு மீட்டர் இடைவெளி விடணும்னு 2020ல விதியே போட்டுட்டாங்க. இங்கிலாந்துல 2022ல சாலை விதியைத் திருத்தி, யாரால அதிக சேதம் வருமோ அவங்களுக்குத்தான் அதிகப் பொறுப்புன்னு எழுதி வச்சிருக்காங்க. லாரிக்குக் காரைவிட, காருக்கு சைக்கிளைவிட, சைக்கிளுக்கு நடக்கிறவரைவிடப் பொறுப்பு ஜாஸ்தி. இதைச் சொல்றதுக்கு வெள்ளைக்காரன் வரணுமா? ஒத்தையடிப் பாதையில வெறுங்கையோட வர்றவன் ஒதுங்கி நின்னு சுமைக்காரனுக்கு வழிவிடற பழக்கம் எங்க மலையில எப்பவும் இருக்கு. நம்ம நாட்டுல பெரிய வண்டிக்காரன் வந்தா சின்னவன் ஓடணும்னு தலைகீழா ஆக்கிட்டோம். பலனையும் பாத்துட்டோம். அரசாங்கக் கணக்குப்படி 2022ல மட்டும் இந்தியாவுல ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேரு. அதுல 32,825 பேரு சும்மா நடந்து போனவங்க. சாவுல பத்துக்கு ஏழு அதிவேகத்தால. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில முதல் இடம் நம்ம தமிழ்நாட்டுக்கு, 64,105.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

என் தம்பி மக பிளஸ் ஒன் படிக்குது. அரசாங்கம் குடுத்த இலவச சைக்கிள் வந்தப்ப அது துள்ளின துள்ளு இருக்கே! பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். காலையில நடந்து போனா வேர்த்து விறுவிறுத்துப் போகணும், சாயந்தரம் வீடு வர இருட்டிரும். சைக்கிள் வந்ததும் வந்து படிக்க ஒரு மணி நேரம் மிச்சமாச்சு. 1991ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. சைக்கிள்னா அவங்களுக்கு யாரையும் எதிர்பாக்காம வெளிய போயிட்டு வர்ற சுதந்திரம். எங்க பொண்ணுக்கும் அதுதான்.

நான் கையில கட்டோட வீட்டுக்குப் போனேன். என் தம்பி பாத்தான், ஒண்ணும் பேசலை. மறுநாள் காலையில, "இனிமே சைக்கிள் வேண்டாம், நடந்தே போ"ன்னு சொல்லிட்டான். அது என்கிட்ட வந்து, "பெரியப்பா, தப்பு பண்ணினது கார்க்காரரு. என்னை ஏன் நடக்கச் சொல்றீங்க?"ன்னு கேட்டுச்சு. நானும் யோசிச்சுப் பாத்தேன், பதில் இல்லை. தம்பியைக் குத்தம் சொல்லவும் முடியலை. பெத்தவன் பயம் அது. சைக்கிள் இப்ப திண்ணையில நிக்குது. சீட்டு மேல கோழி அடையுது.

அந்தக் கார்க்காரருக்கு இது தெரியாது. ஒரு பெருசைத் தள்ளிவிட்டோம்கிறதே மறந்திருக்கும். ஆனா இந்த ரோட்டுல அவரு ஒரு நிமிஷம் மிச்சம் புடிச்சாரு, அந்தப் பொண்ணுக்கு தினமும் ஒரு மணி நேரம் போச்சு. யாரோ விழுந்தா எண்ணிக்கையில வருது. பயந்துபோய் ரோட்டுக்கே வராம நின்னவங்க எந்தக் கணக்குலயும் வர்றதில்லை.

எங்க ஆளுங்க மட்டும் யோக்கியமான்னு கேளுங்க, கேக்கணும். இல்லை. பிக்கப் வேன்ல ஆளை அடைச்சுக்கிட்டுப் பறக்கிறவன் எங்க ஊர்லயும் இருக்கான். ஒரே பைக்குல மூணு பேரு, ஹெல்மெட் இல்லாம, போன்ல பேசிக்கிட்டுப் போறவங்களும் எங்க பசங்கதான். என் சொந்தத்துலயே உண்டு, திட்டியிருக்கேன். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. எங்க பையன் இடிச்சா அன்னைக்கு ராத்திரியே ஊர்ல உக்காந்து கேப்போம், அவன் அப்பன் தலை குனிவான். நீங்க இடிச்சா ராத்திரிக்குள்ள முன்னூறு கிலோமீட்டர் தாண்டியிருப்பீங்க.

"ரோட்டை அகலப்படுத்தினா சரியாயிரும்"னு ஒருத்தர் சொன்னாரு. எந்த ஊர்லயாவது ரோடு அகலமானதும் வண்டி மெதுவா போயிருக்கா? எங்களுக்கு வேண்டியது வளைவுல குவிகண்ணாடி, ஊருக்குள்ள வேகத்தடை, சனி ஞாயிறுல அடிவாரத்துல ஊதிப் பாக்கறதுக்கும் சைலன்சரைப் பாக்கறதுக்கும் நாலு போலீஸ். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், இனியும் கேப்போம். அது அரசாங்கம் செய்ய வேண்டியது. உங்களால ஆகக்கூடியது, காசு செலவில்லாதது, இதுதான்: வளைவுக்கு முன்னாடி ஒரு ஹாரன் போதும், சைக்கிள்காரன் முதுகுல ஹாரன் வேண்டாம். முந்தறதுக்கு ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவு இடம் விடுங்க, இடம் இல்லேன்னா பின்னாடியே வாங்க. இறங்கறப்ப கியர்ல இறங்குங்க. குடிச்சுட்டு பாட்டிலை ரோட்டுல உடைக்காதீங்க, அது எங்க காலுக்கும் டயருக்கும்தான். அந்த மாதிரி வீடியோவுக்கு லைக் போடாதீங்க.

வாங்க, மெதுவா வாங்க. 70 வளைவும் நீங்க வர்ற வரைக்கும் அங்கயேதான் இருக்கும். வழியில பலாப்பழத்தோட ஒரு பெருசு சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனா நிறுத்துங்க, விலை கேளுங்க, குறைச்சே தர்றேன். அது பின்னாடி ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்தா, அதுக்கும் சேத்து வழி விடுங்க. தம்பிகிட்ட இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தக் கோழியை எப்படியாவது சீட்டுல இருந்து இறக்கணும்.