குளத்து மீனும் வீட்டுப் புளியும்

மேனாட்டார் தடித்த மாட்டிறைச்சித் துண்டைத் தணலில் வாட்டி, வீட்டிற் செய்த சோஸுடன் பரிமாறுவர். மாட்டிறைச்சி புகாத நம் இல்லங்களுக்கும் அம்முறை உதவும். கலேவெலயில் அதற்கு வாய்த்த பண்டம் குளத்து மீனே.

இங்கிருந்து கடல் வெகு தொலைவு. தேவஹுவக் குளமோ அருகில். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, நம் குளங்களிற் பெருகிற்று. கடல் மீனுண்டு வளர்ந்த நம்மவர் பலர், சேற்று மணம் என்று அதனை ஒதுக்குகின்றனர். நாமும் பல்லாண்டு அவ்வாறே ஒதுக்கினோம். காலையிற் பிடித்த மீனை விடுத்து, பனிக்கட்டியிற் பலநாள் கிடந்ததற்குக் கூடிய விலை கொடுத்தோம். என்னே நம் அறியாமை!

நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளே அந்த மணத்துக்குக் காரணம். புளிப்புப் பட்டால் அது சிதையும். இரசாயனம் கல்லாத நம் பாட்டிமார் மீனுக்குப் புளி சேர்த்தது வீணன்று.

மீனைக் கழுவிக் கீறி, உப்பு, மஞ்சள், தேசிக்காய்ச் சாறு பூசி அரைமணி நேரம் வைக்கவும். பின்னர் ஈரத்தைத் துடைக்கவும். ஈரமிருப்பின் மீன் அவியுமேயன்றிச் சிவக்காது. சிரட்டைக்கரி நீறு பூத்தபின், எண்ணெய் தடவிய கம்பித் தட்டில் இருபுறமும் வாட்டவும். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உள்ளி மூன்றையும் சுட்டு அரைத்து, புளிக்கரைசல், உப்பு, சிறிது சர்க்கரை கூட்டிக் கொதிக்கவைத்தால் சோஸ் ஆயத்தம்.

அடுத்தமுறை சந்தைக்குச் செல்லும்போது, குளத்து மீன் விற்பவரைக் கடந்து போகாதீர்கள்.